துணி திருடியதற்கு ஏழு வருட நாடுகடத்தல்: அந்தப் பெண்களில் எத்தனை பேர் ஊர் திரும்பினார்கள்?

சிட்னி வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். பரமட்டா, வெஸ்ட்மீட், வென்ட்வர்த்வில் பக்கம் எங்கள் தமிழ்ச் சனம் எவ்வளவு பேர் இருக்கிறோம் என்று இங்கே பலருக்குத் தெரியும். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் தள்ளி, ஆற்றங்கரையில் பழைய கல் கட்டடங்கள் சில இருக்கின்றன. ஃபீமேல் ஃபாக்டரி என்று பெயர். பிரிட்டனில் இருந்தும் அயர்லாந்தில் இருந்தும் கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட பெண்களை அடைத்து நூல் நூற்க வைத்த இடம். அதற்குப் பக்கத்தால் போய் வருகிற எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1788 முதல் 1868 வரை சுமார் 1,62,000 பேரை பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தியது. அதில் பெண்கள் ஏறத்தாழ 25,000. பெரும்பாலானவர்களின் குற்றம் திருட்டு, அதுவும் துணி, தொப்பி, கரண்டி, கடையில் ஒரு துண்டு லேஸ் என்கிற அளவில். பலர் வீட்டு வேலை செய்தவர்கள், எசமானியின் அலமாரியில் இருந்து எடுத்தவர்கள். தண்டனைச் சீட்டில் ஏழு வருடம் என்றுதான் இருக்கும். ஏழு வருடம் முடிந்த பிறகு என்ன நடந்தது என்று வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு விசயமே விளங்கியது. திரும்பிப் போகக் கப்பல் கட்டணத்தை அரசாங்கம் தராது. ஆண் என்றால் ஏதாவது கப்பலில் மாலுமியாகச் சேர்ந்து வேலை செய்தபடியே ஊர் போய்ச் சேரலாம், அப்படிப் பலர் போனார்கள். பெண்ணுக்கு அந்த வழி கிடையாது. கையில் காசு இருக்க வேண்டும், இல்லையென்றால் ஊர் திரும்புகிற யாராவது ஒரு ஆம்பிளை கூட்டிப் போக வேண்டும். ஆக, ஒரே குற்றத்துக்கு ஒரே ஏழு வருடம் வாங்கிய ஆணுக்கும் பெண்ணுக்கும் உண்மையில் கிடைத்தது ஒரே தண்டனை இல்லை. அவளுக்கு அது ஆயுள் தண்டனை. நீதிமன்றத்தில் யாரும் அதை வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதைப் பற்றி வாசித்தவர்கள் எழுதுங்கோ.

மதுரை வக்கீல்:

நல்ல இழை, அக்கா. சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

அன்றைய இங்கிலாந்தில் கடையில் யாரும் பார்க்காதபடி 5 ஷில்லிங் மதிப்புள்ள பொருளை எடுத்தால் தூக்கு. வீட்டுக்குள் இருந்து 40 ஷில்லிங் மதிப்புக்கு எடுத்தாலும் தூக்கு. ஜூரிகளில் பலருக்கே இது மனசுக்கு ஒப்பவில்லை. அதனால் பொருளின் மதிப்பை வேண்டுமென்றே குறைத்து 39 ஷில்லிங் என்று எழுதுவார்கள். தெரிந்தே சொல்கிற பொய், உயிரைக் காப்பாற்ற. அப்படித் தூக்கில் இருந்து தப்பியவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் 1718ல் நாடுகடத்தல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு சுமார் 50,000 பேர் போனார்கள். 1775ல் அமெரிக்காவில் போர் தொடங்கி அந்தக் கதவு மூடிக்கொண்டது, சிறைகள் நிரம்பி வழிந்தன. ஆண்களைப் பழைய கப்பல்களில் அடைத்து தேம்ஸ் ஆற்றில் மண் அள்ள விட்டார்கள். பெண்கள் நியூகேட் மாதிரிச் சிறைகளிலேயே கிடந்தார்கள்.

எஸ்தர் ஆபிரகாம்ஸ் வழக்கைப் பாருங்கள். லண்டன் யூதப் பெண், தொப்பி தைக்கும் வேலை, இளம் வயது. 1786ல் ஒரு கடையில் 24 கஜம் கறுப்புப் பட்டு லேஸ் எடுத்ததாகக் குற்றச்சாட்டு, மதிப்பு 50 ஷில்லிங். தூக்குக்குப் போக வேண்டிய வழக்கு. ஜூரி என்ன செய்தது தெரியுமா, திருடியது உண்மை, ஆனால் 'மறைவாக' எடுக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அந்த ஒரு சொல்லில் தூக்கு ஏழு வருட நாடுகடத்தலாக மாறியது. சிறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. அந்தக் கைக்குழந்தையோடு லேடி பென்ரின் கப்பலில் ஏற்றினார்கள். 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மவுத்தில் இருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய முதல் கைதிக் கப்பல் அணியின் 11 கப்பல்களில் அதுவும் ஒன்று.

கோவை ரகு:

வாசகி அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. திருட்டு திருட்டுதானே? அந்தக் காலத்தில் எல்லா நாட்டிலும் சட்டம் கொடுமையாகத்தான் இருந்தது. தூக்கில் போடாமல் புது நாட்டுக்கு அனுப்பினார்கள், அதில் பலர் நன்றாகவே வாழ்ந்திருக்கிறார்கள். நீங்கள் சொன்ன லேஸ் வழக்கு எஸ்தர், லெப்டினன்ட் ஜார்ஜ் ஜான்ஸ்டனோடு வாழ்ந்து பெரிய பண்ணைக்கு எசமானி ஆகிவிட்டார். மேரி ரீபி பதின்மூன்று, பதினான்கு வயதில் பையன் வேடத்தில் குதிரை திருடி மாட்டியவர், பிற்பாடு கப்பல், கிடங்கு என்று சிட்னியின் பெரிய வியாபாரி. ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் அவர் முகம்தான் இருக்கிறது. லண்டன் சேரியிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார்கள்?

சிட்னி வாசகி:

ரகு தம்பி, கோபம் ஒன்றும் இல்லை. எல்லாரும் முதலில் கேட்கிற கேள்விதான் இது.

25,000 பேரில் நோட்டில் முகம் வந்தது ஒருவருக்கு. எஸ்தரையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் இருந்து ஜான்ஸ்டனோடு சேர்ந்து வாழ்ந்தவர், பிள்ளைகள் பெற்றவர், 1808ல் அந்த மனிதன் காலனியின் ஆளுநர் பிளையைக் கைதுசெய்து ஆட்சியைப் பிடித்து, பிறகு விசாரணைக்கு லண்டன் போயிருந்தபோது பண்ணை முழுவதையும் தனியாக நடத்தியவர். அப்படிப்பட்டவரை அவன் சட்டப்படி கல்யாணம் செய்தது 1814ல். கால் நூற்றாண்டு கழித்து. அவர் கெட்டிக்காரி என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அனுப்பியவர்கள் அவருக்கு நல்லது செய்தார்கள் என்று அதற்கு அர்த்தம் ஆகாது.

'தூக்குக்குப் பதிலாகப் புது நாடு' என்கிறீர்கள். அந்தப் பெண்களே அதை எப்படிப் பார்த்தார்கள் என்று பாருங்கள். 1789 வசந்தத்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நோய் தெளிந்து எழுந்தார். அந்தச் சந்தோசத்தில், தூக்குக்குக் காத்திருந்த பெண்களை ஓல்ட் பெய்லி நீதிமன்றத்துக்கு அழைத்து, மன்னர் கருணை காட்டுகிறார், நியூ சவுத் வேல்ஸுக்குப் போக ஒப்புக்கொள்ளுங்கள் என்றார்கள். பலர் தலையாட்டினார்கள். சில பெண்கள் மாட்டோம் என்று நின்றார்கள். நீதிபதிகளின் முகத்துக்கு நேரே, அதற்குச் சாவதே மேல் என்றார்கள். சாரா கவ்டன் என்ற பெண் அதில் ஒருத்தி. மன்னர் கொடுக்கிற உயிரை வேண்டாம் என்று எவளாவது சொல்வாளா என்று மன்றமே திகைத்துப்போனது. கடைசியில் தனிக்கொட்டடி, ரொட்டி, தண்ணீர் என்று நெருக்கிப் பெரும்பாலானவர்களை இணங்க வைத்தார்கள். கடல் கடந்து போவது என்றால் என்ன என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அம்மா, பிள்ளை, ஊர், ஒன்றையும் இனிப் பார்க்க முடியாது.

அதே நேரத்தில் தூக்கில் இருந்து மாற்றப்பட்டு லேடி ஜூலியானா கப்பலில் ஏறியவள்தான் மேரி வேட். வயது 13. தெருப் பெருக்கிப் பிச்சை எடுத்துப் பிழைத்தவள். இன்னொரு சிறுமியோடு சேர்ந்து, தண்ணீர் எடுக்க வந்த எட்டு வயதுப் பிள்ளை ஒன்றைக் கழிப்பறைக்குள் இழுத்துப்போய் உடுப்பை உருவி எடுத்திருக்கிறாள். ஒரு பருத்திக் கவுன், கழுத்துத் துணி, ஒரு தொப்பி. கவுனை அடகுக் கடையில் வைத்துவிட்டார்கள். அந்த எட்டு வயதுப் பிள்ளைக்கும் அது எவ்வளவு பயங்கரமாக இருந்திருக்கும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இதற்கு 13 வயதுப் பிள்ளைக்குத் தூக்கு என்று நீதிபதி வாசித்தார், ரகு.

கோவை ரகு:

13 வயது என்று தெரியாது அக்கா. அந்தப் பிள்ளைக்குப் பிறகு என்ன ஆனது?

சிட்னி வாசகி:

1790 ஜூன் 3 அன்று சிட்னி வந்து சேர்ந்தாள். நெடுநாள் வாழ்ந்து, நிறையப் பிள்ளைகள் பெற்று, 1859ல் வொலங்காங் பக்கம் இறந்தாள். முன்னாள் பிரதமர் கெவின் ரட் அவள் வழியில் வந்தவர். லண்டனுக்குத் திரும்பவே இல்லை.

பாத்திமா டீச்சர், திருச்சி:

லேடி ஜூலியானா பற்றி நானும் கொஞ்சம் வாசித்திருக்கிறேன். அந்தக் கப்பலில் 220க்கும் மேற்பட்ட பெண்கள். மற்றக் கைதிக் கப்பல்களோடு ஒப்பிட்டால் சாவு மிகக் குறைவு, வழியில் டெனரீஃப், ரியோ, கேப் டவுன் என்று நின்று நின்று போனதால் பயணம் பத்து மாதத்துக்கும் மேல் இழுத்தது. அதில் வேலை செய்த ஜான் நிக்கோல் என்ற மாலுமி தன் வயதான காலத்தில் எல்லாவற்றையும் சொல்லி வைத்ததால்தான் நமக்கு இவ்வளவு தெரிகிறது. கப்பல் கடலுக்குள் போனதும் மாலுமிகள் ஆளுக்கொரு பெண்ணை 'மனைவி'யாக வைத்துக்கொண்டார்கள் என்று அவரே சொல்கிறார். அவரோடு இருந்தவள் சாரா விட்லம், லிங்கன்ஷயர் பெண், துணி திருடியதற்கு ஏழு வருடம். பயணத்திலேயே ஆண் குழந்தை பிறந்தது. சிட்னியில் இறக்கிவிட்டு ஆறு வாரத்தில் கப்பல் கிளம்பிவிட்டது. நிக்கோல் திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுத்து, பிறகு பல வருடம் அந்தப் பக்கம் போகிற கப்பல் தேடி அலைந்ததாகச் சொல்கிறார். சாராவோ, அவர் கப்பல் போன மறுநாளே இன்னொரு கைதியைக் கல்யாணம் செய்துகொண்டதாகப் பதிவேட்டில் இருக்கிறது. பிற்பாடு அவள் பம்பாய்க்குப் போய்விட்டாள் என்ற செய்திதான் நிக்கோலுக்குக் கிடைத்தது.

இதை மாணவர்களிடம் சொன்னால், ஏமாற்றிவிட்டாள் என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. கைக்குழந்தையோடு, ஆண்கள் பல மடங்கு இருக்கிற பட்டினிக் குடியிருப்பில், துணை இல்லாமல் ஒரு பெண் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? அந்தக் கப்பல் வந்தபோது மக்கள் எதிர்பார்த்திருந்தது மாவு மூட்டை. இறங்கியது சாப்பிட இன்னும் 220 வாய். அதிகாரிகள் எரிச்சலோடுதான் வரவேற்றார்கள்.

இன்னொன்று. 1806ல் சாமுவேல் மார்ஸ்டன் என்ற பாதிரியார், காலனியில் இருந்த பெண்களைக் கணக்கெடுத்துப் பட்டியல் போட்டார். மொத்தம் 1,430 பேர். இரண்டே பிரிவு: கல்யாணம் ஆனவள், வைப்பாட்டி. 395 பேருக்குத்தான் முதல் பிரிவில் இடம், மீதி 1,035 பேர் வைப்பாட்டிகள். எப்படிப் பிரித்தார் என்றால், இங்கிலாந்துத் திருச்சபை முறையில் நடந்த கல்யாணம் மட்டும்தான் அவருக்குக் கல்யாணம். கத்தோலிக்க ஐரிஷ் பெண், யூதப் பெண், இருபது வருடம் ஒரே ஆளோடு குடும்பம் நடத்திய பெண், எல்லாரும் வைப்பாட்டிதான். அந்தத் தாள் லண்டனுக்குப் போய், காலனிப் பெண்கள் ஒழுக்கம் கெட்டவர்கள் என்ற பேச்சுக்கு ஆதாரமாகிவிட்டது. இப்போது கூடச் சிலர் அந்தப் பேச்சையே சரித்திரம் என்று எழுதுகிறார்கள். எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

மதுரை வக்கீல்:

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முதல் அணியில் போன ரால்ஃப் கிளார்க் என்ற அதிகாரியின் நாட்குறிப்பு முழுக்கக் கைதிப் பெண்களைத் திட்டுவதும் ஊரில் விட்டுவந்த மனைவியை நினைத்து உருகுவதும்தான். அதே ஆள் நார்ஃபோக் தீவில் மேரி பிரானம் என்ற கைதிப் பெண்ணோடு இருந்து 1791ல் பெண் குழந்தைக்கு அப்பா ஆனார். மேரி பிரானம் சிறுமியாக இருந்தபோது வேலை பார்த்த வீட்டில் துணி எடுத்ததற்குத் தண்டனை வாங்கியவள். இப்படிப்பட்டவர்கள் எழுதி வைத்ததை வைத்துத்தான் அந்தப் பெண்களின் நடத்தையை நூறு வருடமாக எடை போட்டார்கள்.

தறி வேலன்:

நான் ஈரோடு பக்கம், தறிக் குடும்பம். அந்த ஃபாக்டரியில் என்ன வேலை, எப்படி நடந்தது, அதைச் சொல்லுங்கள்.

சிட்னி வாசகி:

முதலில் 1804ல் பரமட்டா சிறைக் கட்டடத்தின் மேல் மாடியில் தொடங்கினார்கள். கம்பளி, சணல் நூற்பு, நெசவு. முரட்டுக் கம்பளித் துணிதான் வரும், பரமட்டா துணி என்றே பெயர் வந்துவிட்டது. படுக்க இடம் போதவில்லை. பலர் ராத்திரி ஊருக்குள் வாடகைக்கு இடம் தேட வேண்டும், வாடகைக்குக் காசு எங்கே இருந்து வரும்? அதற்கும் அவர்களையே குறை சொன்னார்கள். பிறகு ஃபிரான்சிஸ் கிரீன்வே வரைந்த மூன்று மாடிக் கட்டடம் 1821ல் திறந்தது. கிரீன்வேயும் கைதியாக வந்தவர்தான், கள்ளப் பத்திரம் எழுதியதற்காக.

அந்த ஒரே இடம் சிறை, வேலைத்தலம், பிரசவ விடுதி, வேலைக்காரி பிடிக்கிற இடம், பெண் பார்க்கிற இடம் எல்லாமாக இருந்தது. குடியானவர்கள் வீட்டு வேலைக்கு ஆள் கேட்டு எழுதுவார்கள், கல்யாணத்துக்கும் வந்து பார்த்துப் போவார்கள். வேலைக்குப் போன வீட்டில் கர்ப்பமானால் அப்பன் யார் என்று பெரிதாகக் கேட்க மாட்டார்கள், அவளைத்தான் ஃபாக்டரிக்குத் திருப்பி அனுப்புவார்கள். பால் மறந்ததும் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள். டாஸ்மேனியாவில், ஹோபார்ட்டில், கேஸ்கேட்ஸ் என்று இன்னொரு ஃபாக்டரி 1828ல் வந்தது, பழைய சாராய ஆலைக் கட்டடம், மலையடிவாரத்தில் ஈரமும் குளிரும். அங்கேயும் அதோடு சேர்ந்த குழந்தை விடுதிகளிலும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் செத்தன. அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், பிறகு சில நாள் தொடவில்லை.

தண்டனை என்றால் தலைமுடியை ஒட்ட வெட்டுவது. அதைத்தான் மிகவும் வெறுத்தார்கள், கத்தரிக்க வந்தவர்களோடு சண்டையே போட்டிருக்கிறார்கள். 1827 அக்டோபரில் பரமட்டாவில் ரொட்டி, சர்க்கரைப் பங்கைக் குறைத்தபோது பெண்கள் கதவை உடைத்துக்கொண்டு ஊருக்குள் போய் ரொட்டிக் கடைகளில் புகுந்தார்கள். பட்டாளம் வந்துதான் திருப்பிக் கொண்டுபோனது. கையில் பிடித்த ரொட்டியையும் இறைச்சியையும் விடாமலே உள்ளே போனார்களாம்.

தறி வேலன்:

நன்றி அக்கா. முடியை வெட்டியது மனசை என்னவோ செய்கிறது.

மல்லிகா, தையல்:

நான் குயில்ட், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை, தைப்பவள், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ராஜா என்ற கப்பல் 1841ல் சுமார் 180 பெண் கைதிகளோடு ஹோபார்ட் போனது. சிறைச் சீர்திருத்தத்துக்கு உழைத்த எலிசபெத் ஃப்ரையின் பெண்கள் குழு ஒவ்வொரு கைதிக்கும் ஊசி, நூல், துண்டுத் துணி கொடுத்து அனுப்புவது வழக்கம். பயணத்தின்போது அவர்கள் சேர்ந்து தைத்த போர்வை இப்போது கான்பெராவில் தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது. 2,815 துண்டுகள். நடுவில் பூவும் பறவையும் வெட்டி ஒட்டித் தைத்திருக்கிறார்கள், சுற்றிச் சுற்றிக் கட்டம் கட்டமாக வரிகள். தையலை நெருங்கிப் பார்த்தால் ஒரு இடத்தில் கை தேர்ந்தவளின் நெருக்கமான தையல், பக்கத்திலேயே தத்தித் தத்திப் போகிற தையல். ஊசி குத்திய விரலின் ரத்தப் பொட்டுகள் கூட இருக்கின்றன. ஆடுகிற கப்பலில், கீழ்த்தட்டின் மங்கல் வெளிச்சத்தில் அந்தச் சின்னச் சின்ன முக்கோணத்தை எப்படி மடித்தார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

அதன் ஓரத்தில், அந்தக் கைதிக் கப்பல் குழுச் சீமாட்டிகளுக்கு நன்றி என்று எழுத்துத் தையல். போர்வை அவர்களுக்கே பரிசாக இங்கிலாந்து போய்விட்டது. தைத்தவர்களின் பெயர் அதில் இல்லை. நல்ல மனசோடு செய்த சீமாட்டிகள்தான், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் அந்தப் பெண்களின் பெயர் இருந்திருக்க வேண்டும்.

கோவை ரகு:

ஒருத்தர் கூடவா திரும்பவில்லை?

மதுரை வக்கீல்:

திரும்பியவர்கள் உண்டு, ஆனால் சொற்பம். எல்லாருக்கும் தெரிந்தவர் மேரி பிரையன்ட். கார்ன்வால் மீனவர் மகள். பிளிமவுத்தில் வழிப்பறி வழக்கு, எடுத்ததில் ஒரு பட்டுத் தொப்பியும் உண்டு. 1791 மார்ச் 28 இரவு, கணவர், இரண்டு குழந்தைகள், இன்னும் ஏழு ஆண்களோடு ஆளுநரின் படகை எடுத்துக்கொண்டு சிட்னியில் இருந்து தப்பினார். திறந்த படகில் ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் போய் ஜூன் 5 அன்று திமோர் தீவின் குபாங்கில் கரை சேர்ந்தார்கள். அங்கே பிடிபட்டார்கள். கணவரும் மகனும் பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) காய்ச்சலில் இறந்தார்கள், மகள் இங்கிலாந்து போகும் கப்பலில் இறந்தாள். நியூகேட் சிறைக்குத் தனி ஆளாகத்தான் வந்து சேர்ந்தார். ஜேம்ஸ் பாஸ்வெல் என்ற எழுத்தாளர்-வக்கீல் ஓயாமல் மனுப் போட்டு 1793ல் மன்னிப்பு வாங்கிக் கொடுத்தார். வாசகி சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பெயர் வேண்டாம்:

எல்லாரும் எழுதுவது சரி. ஆனால் அந்த ஆற்றங்கரை காலி இடம் கிடையாது. பரமட்டா என்ற பெயரே புர்ராமட்டகல் என்ற பூர்வகுடியில் இருந்து வந்தது. 1789ல் பெரியம்மை வந்து சிட்னிச் சுற்றுவட்டாரத்துப் பூர்வகுடிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. தண்டனையாக அனுப்பப்பட்ட பெண்களின் பிள்ளைகள்தான் பிறகு நிலம் வாங்கி வேலி போட்டார்கள். அந்தப் பெண்கள் மேல் இரக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை, இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிட்னி வாசகி:

சொல்லத்தான் வேண்டும். இந்த நிலத்தில் வீடு வாங்கி இருக்கிற எங்களுக்கும் அது பொருந்தும்.

கீதா, சென்னை:

ஒரு கேள்வி. நம் பக்கத்துப் பெண்களையும் இப்படி அனுப்பினார்களா?

பாத்திமா டீச்சர், திருச்சி:

அனுப்பினார்கள். மதராஸ் மாகாணக் கைதிகள் பினாங்குக்கும் சுமத்ராவில் உள்ள பெங்கூலனுக்கும் போனார்கள், 1825ல் பெங்கூலனில் இருந்து சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டார்கள். சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இந்தியக் கைதிகள் கட்டியதுதான். 1858ல் இருந்து அந்தமான். ஆனால் அதில் பெண்கள் மிகக் குறைவு, அந்தமான் போன பெண்களில் பெரும்பாலோர் கொலை வழக்கில் தண்டனை பெற்றவர்கள், தான் பெற்ற குழந்தையைக் கொன்றதாகச் சிக்கிய விதவைகளும் உண்டு. சில வருடம் கழித்து ஆண் கைதியைக் கல்யாணம் செய்ய அனுமதி கொடுத்துக் குடும்பம் வைக்க விட்டார்கள், போர்ட் பிளேரில் அவர்கள் வம்சம் இன்றும் இருக்கிறது. சின்னத் திருட்டுக்கு ஆயிரக்கணக்கில் பெண்களை நாடுகடத்திய ஆஸ்திரேலியக் கதையில் இருந்து இது வேறு. தனி இழை போடுங்கள் கீதா, நானும் வருகிறேன்.

கோவை ரகு:

வாசகி அக்கா, நான் முதலில் கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். மேரி ரீபி கதையை மட்டும் வைத்துப் பேசக் கூடாது என்பது சரிதான். ஆனாலும் அவர்களை வெறும் பாவப்பட்டவர்களாக மட்டும் பார்ப்பதும் எனக்கு ஒப்பவில்லை. ரொட்டிக் கடைக்குள் புகுந்தவர்கள், மன்னர் மன்னிப்பை வேண்டாம் என்றவர்கள், படகில் தப்பியவர்கள், இவர்களெல்லாம் அசாத்திய ஆட்கள். அந்த வழக்குகளை நாமே நேரடியாக வாசிக்க முடியுமா?

மதுரை வக்கீல்:

முடியும் ரகு. ஓல்ட் பெய்லி வழக்குகள் 1674 முதல் 1913 வரை இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. பெயர் போட்டுத் தேடலாம், குற்றம் என்ன, தண்டனை என்ன என்று வடிகட்டலாம். 1789 ஜனவரி அமர்வில் மேரி வேட், 1786 ஆகஸ்ட் அமர்வில் எஸ்தர் ஆபிரகாம்ஸ். லண்டன் தவிர்த்த ஊர்களின் வழக்குகள் அதில் வராது, அதனால் மேரி பிரையன்ட் கிடைக்க மாட்டார். பழைய ஆங்கிலம் தடுமாற வைத்தால் இங்கே ஒட்டுங்கள், சேர்ந்து படிப்போம்.